உருக்காலைகளை எடுத்துக்கொண்ட அதிபரும் ஒன்பது நீதிபதிகளும்

அமெரிக்க அதிபர்னா நினைச்சதை நினைச்ச மாத்திரத்துல செய்து முடிக்கிற ஆள் என்றுதான் நம்மில் பலருக்கும் ஒரு நினைப்பு. எல்லாம் ஹாலிவுட் படங்களின் புண்ணியம் :-) ஒரு போனைத் தூக்கினால் படை கிளம்பும், பொத்தானை அமுக்கினால் ஏவுகணை பறக்கும். ஆனால் 1952-இல் ஒரு அதிபர், வெளிநாட்டில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, உள்நாட்டில் இருந்த உருக்காலைகளை ஒரே கையெழுத்தில் எடுத்துக்கொண்டார். எட்டு வாரத்தில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. ராணுவமோ கலகமோ அவரைத் தடுக்கவில்லை. ஒரு நீதிமன்றத் தீர்ப்பு தடுத்தது.

அதிபரின் அதிகாரத்துக்கு எல்லை எதுன்னு பேச ஆரம்பிச்சா எல்லாரும் நேரா நிக்சன், வாட்டர்கேட்னு போய்டுவாங்க. அந்தக் கதையில் யார் தப்பு செய்தார் என்பதில் குழப்பமே கிடையாது. அதனால் படிக்க சுகமாக இருக்கும். இது அப்படிப்பட்ட கதை இல்லீங்க. இதில் அதிபர் நேர்மையானவர். அவர் சொன்ன காரணத்திலும் நியாயம் இருந்தது. தொழிலாளிகள் அவர் பக்கம், முதலாளிகள் எதிர்ப்பக்கம். அப்படியும் நீதிமன்றம் முதலாளிகளுக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு சொன்னது. அது ஏன் சரியான தீர்ப்பு என்று நான் நினைக்கிறேன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் பின்னணி

அதிபர் பெயர் ஹாரி ட்ரூமன். மிசௌரி மாநிலத்துக்காரர். விவசாயம் பார்த்தவர், துணிக்கடை வைத்து நொடித்துப் போனவர், பிறகு அரசியலுக்கு வந்து செனட்டர் ஆனவர். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்துபோக, துணை அதிபராக இருந்தவர் அதிபர் ஆனார்.

1950 ஜூன் 25 அன்று வட கொரியா தெற்கே படையெடுத்தது. ட்ரூமன் உடனே அமெரிக்கப் படைகளை அனுப்பினார். போர்ப் பிரகடனம் செய்யும் அதிகாரம் அந்த ஊர் சாசனப்படி காங்கிரஸுக்குத்தான் உண்டு. (காங்கிரஸ்னா நம்ம கதர்ச்சட்டைக் கட்சி இல்லை, அவங்க நாடாளுமன்றம்.) ட்ரூமன் காங்கிரஸிடம் போர்ப் பிரகடனம் கேட்கவில்லை. இது ஐ.நா. சார்பில் எடுக்கிற 'போலீஸ் நடவடிக்கை' என்று சொல்லிவிட்டார்கள். இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

சண்டை என்றால் விலைவாசி ஏறும். விலையையும் கூலியையும் கட்டுப்பாட்டில் வைக்க அரசாங்கம் வாரியங்கள் அமைத்தது. உருக்காலைத் தொழிலாளர் சங்கத்தின் ஒப்பந்தம் 1951 கடைசியில் முடிந்தது. உடனே ஸ்ட்ரைக்கில் இறங்கியிருக்கலாம். ஆனால் ட்ரூமன் கேட்டுக்கொண்டதால் சங்கம் பொறுத்தது. மூன்று மாதத்துக்கும் மேலாகப் பொறுத்தது. 1952 மார்ச்சில் கூலி வாரியம், மற்ற சலுகைகளையும் சேர்த்து மணிக்கு ஏறக்குறைய 26 சென்ட் அளவுக்கு உயர்வு கொடுக்கலாம் என்று பரிந்துரை செய்தது. "கொடுக்கிறோம், ஆனா டன்னுக்கு 12 டாலர் விலை ஏத்திக்க விடுங்க" என்றன கம்பெனிகள். அவ்வளவு ஏற்ற முடியாது என்றது அரசாங்கம். பேச்சுவார்த்தை அங்கேயே நின்றது. ஏப்ரல் 9-ஆம் தேதி பிறந்த நிமிஷத்தில் ஸ்ட்ரைக் என்று சங்கம் நாள் குறித்துவிட்டது.

பீரங்கிக்கும் குண்டுக்கும் டாங்கிக்கும் உருக்கு வேண்டும். கொரியாவில் பையன்கள் சாகும்போது இங்கே உலை அணைந்தால் என்ன பதில் சொல்வது? ட்ரூமனின் கவலை இதுதான்.

கையில் இருந்த வழியும் அவர் எடுத்த வழியும்

இப்படிப்பட்ட நிலைமைக்கென்றே 1947-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டிருந்தது. டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம். நாட்டுக்கு ஆபத்து வரும் என்றால் அதிபர் நீதிமன்றம் போய் 80 நாள் வரை ஸ்ட்ரைக்கை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் தொழிலாளிகளுக்கு எதிரானது என்று சொல்லி ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தி அதைத் திருப்பி அனுப்பியவரே ட்ரூமன்தான்! காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு அதை மீறி நிறைவேற்றியது. தவிர, 'ஏற்கனவே இத்தனை நாள் பொறுத்தவர்களை இன்னும் 80 நாள் பொறு என்று சொல்வது என்ன நியாயம்?' என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. 1947-இல் அந்தச் சட்டத்தை விவாதித்தபோதே, ஆலைகளை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சும் வந்தது. காங்கிரஸ் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. அதாவது மறந்து விட்டுப்போனதில்லை, யோசித்து விட்டது.

1952 ஏப்ரல் 8, ராத்திரி பத்தரை மணி. ட்ரூமன் ரேடியோவிலும் டிவியிலும் நாட்டு மக்களிடம் பேசினார். கம்பெனிகளைப் பிடிபிடியென்று பிடித்தார். உருக்காலைகளை அரசு எடுத்துக்கொள்கிறது என்று அறிவித்தார். உத்தரவு எண் 10340. வர்த்தக மந்திரி சார்லஸ் சாயர் பொறுப்பு. நடைமுறையில் பார்த்தால் ஆலை அதே, மேனேஜர் அதே, உலையும் அதே. கம்பெனித் தலைவர்களையே 'அரசு சார்பில் நீங்களே நடத்துங்க' என்று சொல்லிவிட்டார்கள். ஸ்ட்ரைக் நின்றது.

மறுநாள் காங்கிரஸுக்கும் ஒரு செய்தி அனுப்பினார். நீங்கள் வேறு வழி சொன்னால் அதன்படி நடக்கிறேன் என்கிற தொனியில். காங்கிரஸில் கூச்சல் இருந்தது, கண்டனம் இருந்தது, பதவி நீக்கத் தீர்மானங்கள்கூட வந்தன. ஆனால் உருப்படியாக ஒரு சட்டமும் வரவில்லை. (எந்த ஊர் நாடாளுமன்றமா இருந்தாலும் சில விஷயம் மாறாது போல!)

இதற்கு முன்னாலும் அமெரிக்காவில் ஆலைகளை அரசு எடுத்ததுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நிறைய நடந்தது. 1944-இல் மான்ட்கோமரி வார்ட் கம்பெனித் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடிக்க, ரெண்டு சிப்பாய்கள் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே கொண்டுவந்த படம் ரொம்பப் பிரபலம். ஆனால் அது காங்கிரஸ் பிரகடனம் செய்த போர். 1943-க்கு அப்புறம் ஆலைகளை எடுக்கவே தனிச் சட்டம் இருந்தது. ட்ரூமன் கையில் இரண்டும் இல்லை.

"அதிபருக்கு மட்டும் எல்லை இல்லையா?"

பேச்சு முடிந்த அன்று ராத்திரியே கம்பெனி வக்கீல்கள் நீதிபதி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். வழக்கு கடைசியில் டேவிட் பைன் என்ற மாவட்ட நீதிபதியிடம் வந்தது. அரசுத் தரப்பில் வாதாடியவர் ஹோம்ஸ் பால்ட்ரிட்ஜ் என்ற உதவி அட்டர்னி ஜெனரல்.

இங்கேதான் அரசுத் தரப்பு தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது. எந்தச் சட்டத்தை வைத்து எடுத்தீர்கள் என்று நீதிபதி கேட்டால், சட்டம் ஒன்றும் இல்லை, அதிபருக்கே இயல்பாக உள்ள அதிகாரம் என்று பதில். அப்படியானால் மக்கள் சாசனத்தை ஏற்றுக்கொண்டபோது காங்கிரஸுக்கு எல்லை வைத்தார்கள், நீதிமன்றத்துக்கு எல்லை வைத்தார்கள், அதிபருக்கு மட்டும் வைக்கவில்லை என்கிறீர்களா என்று பைன் திருப்பிக் கேட்டார். 'ஆமாம், நாங்கள் அப்படித்தான் படிக்கிறோம்' என்கிற அர்த்தத்தில் பால்ட்ரிட்ஜ் பதில் சொல்லிவிட்டார்!

பத்திரிகைகள் விடுமா? ஏற்கனவே சில நாள் முன்னால் ட்ரூமனிடமே, இப்படியே பத்திரிகைகளையும் ரேடியோ நிலையங்களையும் எடுப்பீர்களா என்று கேட்டபோது, நாட்டுக்கு எது நல்லதோ அதை அதிபர் செய்தாக வேண்டும் என்ற ரீதியில் பதில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது இது வேறு. என் அதிகாரம் சாசனத்துக்கு உட்பட்டதுதான் என்று ட்ரூமனே விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது.

ஏப்ரல் 29 அன்று பைன் தீர்ப்பு சொன்னார். எடுத்தது செல்லாது. அவர் சொன்ன காரணம்தான் முக்கியம். ஸ்ட்ரைக் வந்தால் பெரிய நஷ்டம் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லையில்லாத அதிகாரத்துக்கு நீதிமன்றம் பயந்துபோய்த் தலையாட்டினால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரிசு. இதுதான் அவர் தீர்ப்பின் சாரம்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றம் மே 3 அன்று வழக்கை எடுத்துக்கொண்டது. அதுவரை கூலியில் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. மே 12, 13 தேதிகளில் விவாதம். ஜூன் 2-இல் தீர்ப்பு. நம்ம ஊர் வாய்தா கணக்கில் பார்த்தால் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்க்க வேண்டிய வேகம் :-)

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அன்றைக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் ரூஸ்வெல்ட் நியமித்தவர்கள், நாலு பேர் ட்ரூமனே நியமித்தவர்கள். இரண்டு அதிபர்களும் ஜனநாயகக் கட்சி. தலைமை நீதிபதி வின்சன், ட்ரூமனோடு சீட்டாடும் நண்பர். ட்ரூமன் தோற்பார் என்று யார் நினைத்திருப்பார்கள்?

6-3 என்று தோற்றார்.

தீர்ப்பை எழுதியவர் ஹ்யூகோ பிளாக். 1944-இல், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை வீட்டை விட்டு வெளியேற்றிய ரூஸ்வெல்ட் அரசின் நடவடிக்கை செல்லும் என்று தீர்ப்பு எழுதிய அதே பிளாக். அன்று அதிபரின் பக்கம் நின்றவர் இன்று, சட்டம் போடுவது காங்கிரஸின் வேலை, அதிபரின் வேலை இல்லை என்று நாலு வரியில் சொல்லிவிட்டார்.

டாம் கிளார்க் ட்ரூமனின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். நெருக்கடி நேரத்தில் அதிபருக்கு இயல்பாகவே பெரிய அதிகாரம் உண்டு என்று 1949-இல் செனட்டுக்கு எழுதிக் கொடுத்தவர். அவரும் ட்ரூமனுக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டார். காங்கிரஸ் ஒரு வழியைச் சட்டமாகப் போட்டிருக்கும்போது அதிபர் அந்த வழியில்தான் போக வேண்டும் என்பது அவர் வாதம்.

வக்கீல்கள் கதையும் இதே மாதிரிதான். கம்பெனிகளுக்காக வாதாடிய ஜான் டேவிஸுக்கு வயசு 79. 1924-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர். அதற்கும் முன்னால் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தபோது, ஒரு எண்ணெய் நில வழக்கில் அதிபரின் அதிகாரத்தை ஆகா ஓகோ என்று தூக்கிப் பிடித்தவர். வின்சன் தன் மாற்றுத் தீர்ப்பில் அதை எடுத்துப் போட்டுக் காட்டினார்!

எல்லாருக்கும் மேலே ராபர்ட் ஜாக்சன். 1941-இல் ரூஸ்வெல்ட் கலிஃபோர்னியாவில் ஒரு விமான ஆலையை எடுத்தபோது, அட்டர்னி ஜெனரலாக அதை நியாயப்படுத்திப் பேசியவர். ட்ரூமன் தரப்பு சும்மா இருக்குமா? "அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க" என்று அதையே எடுத்துக் காட்டியது. வக்கீலாக இருந்தபோது சொன்னது நீதிபதியாக இருக்கும்போது என்னைக் கட்டுப்படுத்தாது என்று ஜாக்சன் பதில் எழுதினார்.

ஜாக்சனின் மூன்று படிகள்

தீர்ப்பை எழுதியது பிளாக் என்றாலும், இன்றைக்குச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருப்பது ஜாக்சன் தனியாக எழுதிய கருத்துதான். அதிபரின் அதிகாரம் ஒரே அளவில் இருப்பதில்லை, காங்கிரஸ் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும் என்றார்.

முதல் படி: காங்கிரஸ் 'செய்' என்று சொல்லி அதிபர் செய்வது. அப்போது அதிகாரம் உச்சத்தில்.

இரண்டாவது படி: காங்கிரஸ் வாயே திறக்கவில்லை. இது அந்திக் கருக்கல் மாதிரி. யார் அதிகாரம் எது வரை என்று சட்டென்று சொல்ல முடியாது. சூழ்நிலையைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது படி: காங்கிரஸ் 'வேண்டாம்' என்று சொன்னதை அதிபர் செய்வது. அப்போது அதிகாரம் தரையோடு தரை. சாசனமே அதிபருக்கென்று தனியாகக் கொடுத்தது என்று காட்டினால்தான் உண்டு.

ட்ரூமன் நின்றது மூன்றாவது படியில்.

ஜாக்சன் சும்மா புத்தகம் படித்து எழுதியவர் இல்லை. 1945-46-இல் நியூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்கள் மேல் நடந்த விசாரணையில் அமெரிக்காவின் தலைமை வக்கீல். ஜெர்மனி எப்படிக் கெட்டது என்று ஆவணம் ஆவணமாகப் பார்த்தவர். அங்கேயும் நெருக்கடியில் உரிமைகளை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அதிபருக்குச் சாசனத்திலேயே இருந்தது. 13 வருஷத்தில் 250 தடவைக்கும் மேல் அதைப் பயன்படுத்தினார்கள். கடைசி தடவை ஹிட்லர் கேட்டு ஹிண்டன்பர்க் கையெழுத்துப் போட்டார். நிறுத்தின உரிமைகள் திரும்பி வரவே இல்லை. இதைத் தன் கருத்தில் எழுதி வைத்தார் ஜாக்சன். அதிபர் ராணுவத்துக்கும் கடற்படைக்கும்தான் தலைமைத் தளபதி, நாட்டு மக்களுக்கும் தொழில்களுக்கும் தளபதி இல்லை என்பதும் அவர் சொன்னதுதான்.

அப்புறம் என்ன ஆச்சு?

நீதிமன்றத்திடம் படை கிடையாது, பணமும் கிடையாது. ஒரு காகிதம்தான். 1861-இல் உள்நாட்டுப் போர் சமயத்தில் தலைமை நீதிபதி டேனி ஒரு கைதி விஷயத்தில் எதிராகத் தீர்ப்பு சொன்னபோது லிங்கன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ட்ரூமனும் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் தீர்ப்பு வந்த அன்றே ஆலைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி சாயருக்கு உத்தரவு போட்டுவிட்டார். மனசுக்குள் கொதித்தார், ஆனால் கீழ்ப்படிந்தார்.

சில நாள் கழித்து பிளாக் தன் வீட்டில் ஒரு விருந்து வைத்து ட்ரூமனையும் கூப்பிட்டாராம். முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், கொஞ்சம் உள்ளே போனதும், உன் சட்டம் எனக்குப் பிடிக்கலை, ஆனா சரக்கு நல்லா இருக்கு என்கிற மாதிரி சொன்னார் என்று நீதிபதி டக்ளஸ் பின்னால் எழுதியிருக்கிறார்.

இதை மட்டும் சொல்லி சுபம் போட்டால் அது அரைக் கதை. தீர்ப்புக்கு விலை இருந்தது. ஐந்தரை லட்சத்துக்கும் மேலான தொழிலாளிகள் ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள். 53 நாள் சம்பளம் இல்லாமல் இருந்தார்கள். ஜூலை 24 அன்றுதான் முடிந்தது. டன்னுக்கு 5 டாலர் அளவுக்கு விலை ஏற்றத்தை அரசாங்கமும் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. குண்டு உற்பத்தி அடிபட்டது. எதிரி குண்டு போட்டிருந்தால்கூட இவ்வளவு சேதம் வந்திருக்காது என்று பாதுகாப்பு மந்திரி லவெட் புலம்பினார். ஆக ட்ரூமன் பயந்தது வெறும் கற்பனை இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்குத் தோன்றுவது இது. கெட்டவன் கையில் இருக்கும் அதிகாரத்தைத் தடுப்பது பெரிய விஷயமில்லை, எல்லாரும் கை தட்டுவார்கள். நல்லவர், நல்ல காரணத்துக்காக, நமக்குப் பிடித்த பக்கத்துக்குச் சாதகமாகச் செய்யும்போது "இது உன் வேலை இல்லைப்பா" என்று அவருடைய ஆட்களே சொல்கிறார்களா? அங்கேதான் எல்லை நிஜமா, காகிதத்தில் மட்டுமா என்று தெரியும். ட்ரூமனுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று அன்றைக்குத் தீர்ப்பு வந்திருந்தால், அடுத்து வருகிற எல்லாருக்கும் அது உண்டு. அடுத்து வருபவர் தொழிலாளிகளுக்காகத்தான் அதைப் பயன்படுத்துவார் என்று யார் எழுதிக் கொடுப்பது?

அந்த வழி நிலைத்ததால்தான் 22 வருஷம் கழித்து, 1974 ஜூலை 24 அன்று (ஸ்ட்ரைக் முடிந்த அதே தேதி!) நிக்சன் டேப்புகளைக் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று சொன்னது. அந்த எட்டு பேரில் மூன்று பேர் நிக்சனே நியமித்தவர்கள். நிக்சன் டேப்புகளைக் கொடுத்தார், ஆகஸ்ட் 9-இல் பதவியை விட்டுப் போனார். 2006-இல் குவாண்டனாமோ கைதிகளை விசாரிக்க புஷ் அமைத்த ராணுவக் குழுக்கள் செல்லாது என்று 5-3 தீர்ப்பு வந்தபோதும் ஜாக்சனின் மூன்று படிகள் பேசப்பட்டன.

ஆனால் அதே ஜாக்சன் வேறு மாதிரியும் பயன்பட்டார். 1952-இல் அவரிடம் குமாஸ்தாவாக இருந்த இளைஞர் வில்லியம் ரெங்க்விஸ்ட் பின்னால் தலைமை நீதிபதி ஆனார். ரெங்க்விஸ்டிடம் குமாஸ்தாவாக இருந்த ஜான் ராபர்ட்ஸ் அவருக்கு அடுத்த தலைமை நீதிபதி. குரு சிஷ்ய பரம்பரை! 2024 ஜூலை 1 அன்று ட்ரம்ப் வழக்கில் ராபர்ட்ஸ் எழுதிய 6-3 தீர்ப்பு, அதிபர் தன் பதவிக்கே உரிய அடிப்படை அதிகாரத்தை வைத்துச் செய்த காரியங்களுக்காக அவர் மேல் கிரிமினல் வழக்கே போட முடியாது என்றது. அந்த அடிப்படை அதிகாரம் எது என்று சொல்ல ராபர்ட்ஸ் எடுத்துக்கொண்ட சொற்கள் 1952-இல் ஜாக்சன் மூன்றாவது படியைப் பற்றி எழுதியவை. அதிபரைக் கட்டிப்போட எழுதிய வரி, அதிபருக்குக் கவசமாகவும் ஆனது.

ஜாக்சனுக்கே இப்படி நடக்கலாம் என்று தெரிந்திருக்கும் போல. நீதிமன்றம் எழுதுகிற எந்தத் தீர்ப்பும் காங்கிரஸின் அதிகாரத்தைக் காப்பாற்றிக் கொடுக்காது, விரலிடுக்கில் ஒழுகிப் போகாமல் காங்கிரஸேதான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் எழுதி வைத்தார். 1952 ஏப்ரலில் ட்ரூமன் அனுப்பிய செய்திக்குக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டுப் பதில் சொல்லியிருந்தால் இந்த வழக்கே வேண்டியிருந்திருக்காது இல்லையா?

நீங்க அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தா எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டிருப்பீங்க? ட்ரூமன் பக்கம் என்றால் சண்டைக்கு வர மாட்டேன், அவர் பக்கமும் மூணு பேர் இருந்தாங்க :-) ஆனா ஒரு நிமிஷம் ட்ரூமனை எடுத்துட்டு, உங்களுக்குச் சுத்தமா பிடிக்காத ஒரு தலைவரை அந்த நாற்காலியில் உட்கார வச்சுப் பார்த்துட்டு பதில் சொல்லுங்க.